ரோஸ்கோவை நான் பார்த்துக்கொண்ட விதம்

ரோஸ்கோவுக்கு நான் போட்ட சாப்பாட்டில் யாரும் குறை சொல்ல முடியாது. காலையில் அவனுடைய வழக்கமான தீனியோடு கொஞ்சம் வேகவைத்த கோழி. சாயங்காலம் பூசணி மசியல், வயிற்றுக்கு நல்லது. தண்ணீர்க் கிண்ணத்தைத் தினமும் தேய்த்துக் கழுவினேன். விசாரணைக்காக உங்கள் ஆள் வீட்டைச் சுற்றிப் பார்க்க வந்தபோது, நாய்ப் படுக்கை இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று அவரே சொன்னார். முடிந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மார்னி டாலிவர் என் பக்கத்து வீட்டுக்காரி. பல் மருத்துவரிடம் வேலை பார்த்தாள். மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை மலை முகட்டுப் பாதையை நடந்தே கடக்க வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை. வசந்தத்தில் கிளம்பினால் இலை உதிரும்போதுதான் முடியும். வழியில் உள்ள பெரிய தேசியப் பூங்காக்களில் நாயை விடமாட்டார்கள். போதாக்குறைக்கு ரோஸ்கோவுக்கு வலிப்பு நோய் வேறு. பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்த அவள் அக்கா, வேலை மாறி பாய்ஸி நகரத்துக்குப் போய்விட்டாள். நாய் விடுதிக்காரர்கள் வலிப்பு என்றதும் கையை விரித்துவிட்டார்கள். போட்ட லீவை ரத்து செய்யப் போகிறேன் என்று வேலிப் பக்கம் நின்று மூக்கைத் துடைத்தாள்.

"என்கிட்ட விட்டுட்டுப் போயேன். நான் எங்க போகப்போறேன்" என்றேன்.

"அஞ்சு மாசம், வெண்டல். அஞ்சு நாள் இல்ல."

"நான் வேலை பாத்த மரம் அறுக்கிற மில்லு மூடினதுக்கப்புறம் எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவள் சிரித்துவிட்டு, வேலிக்கு மேலே எட்டி என்னைக் கட்டிப் பிடித்தாள். வேலிப் பலகை என் விலாவில் அழுத்தியது, நான் நகரவில்லை. என் மனைவி லொரெய்ன் டூசான் நகரில் தன் தங்கையோடு இருக்கிறாள். பிரிந்துவிட்டோம் என்று நாங்கள் இருவரும் சொல்லிக்கொண்டதில்லை, அவ்வளவுதான். அவள் போன பிறகு முடி வெட்டுபவரைத் தவிர யாரும் என்னைத் தொட்டதில்லை.

மாத்திரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று. சீஸ் துண்டுக்குள் அழுத்திக் கொடுத்தால் விழுங்கிவிடுவான். "இது மட்டும் தப்பவே கூடாது, திடீர்னு நின்னா உயிருக்கே ஆபத்து" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். எனக்கு நன்றாகப் புரிந்தது. புரியவில்லை என்று இப்போது சொல்லித் தப்பிக்க நினைக்கவில்லை.

ஆரம்பத்தில் தப்பாமல் கொடுத்தேன். நாய் நன்றாக இருந்தது. மார்னி வழியில் ஊர் தட்டுப்படும்போதெல்லாம் கூப்பிட்டாள். முதல் தடவை நிறையப் பேசினாள். நடப்பவர்கள் ஒருவருக்கொருவர் பட்டப்பெயர் வைத்துக்கொள்வார்களாம். "இங்க என் பேரு சூப்பு. மொத நாளே அடுப்போட சூப்பக் கவுத்துட்டேன், மொத்த கூடாரத்துக்கும் சமையல் வாசனை. கரடி வந்தா மொதல்ல என்கிட்டதான் வரும்னு ஓட்டுறானுங்க." நான் வெகுநேரம் சிரித்தேன். அடுத்தடுத்த அழைப்புகள் சுருங்கின. "ரோஸ்கோ நல்லா இருக்கானா? அப்ப சரி வெண்டல், சார்ஜ் போட ஆளுங்க நிக்குறாங்க." பிறகு அழைப்பும் நின்று, நான் அனுப்பும் படத்துக்குப் பதிலாகக் கட்டைவிரல் குறி ஒன்று மட்டும் வந்தது.

ஒருநாள் ட்ரவுட் மீன் பிடிக்கப் போய் ஆற்றங்கரையிலேயே தூங்கிவிட்டேன். மாத்திரை தவறியது. மறுநாளும் ஏதோ ஞாபகத்தில் விட்டுப்போனது. அது வேண்டுமென்று செய்தது இல்லை. ரோஸ்கோ சமையலறைத் தரையில் விழுந்து கால்களை உதைத்துக்கொண்டான். முடிந்ததும் என்னை யாரென்று தெரியாதவன் போலப் பார்த்தான். நான் மார்னிக்குத் தகவல் அனுப்பினேன்.

அவள் சிக்னலுக்காக ஒரு முகட்டில் ஏறி நின்று கூப்பிட்டாள். காற்று இரைந்தது. அந்த வாரம் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நாயைப் பற்றி ஆரம்பிக்கும் பேச்சு வேறு எங்கெங்கோ போகும். தன் கல்யாணம் முறிந்தபோது அவள் யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொன்னாள். ஆற்றில் இறங்கும்போது பயந்துபோனதைச் சொன்னாள். "நீங்க மட்டும் இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்" என்றாள். நான் போனை வைத்த பிறகும் அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

மாத்திரையை ஒழுங்காகக் கொடுத்ததும் நாய் தேறியது. திரும்பவும் கட்டைவிரல்.

ஆகஸ்டில் அவள் எங்கள் மாநிலத்துக்குள் வந்தாள். பாதையிலிருந்து எங்கள் ஊர் காரில் அரை நாள். நான் அவளுக்காக மாட்டிறைச்சி வாங்கி ஃப்ரீசரில் வைத்தேன். முன்னறையில் கம்பளத்தை அலசிப் போட்டேன். அவள் கூப்பிட்டு, "வீட்டுக்கு வந்தா திரும்பிப் போக மனசு வராது வெண்டல். அவன்தான் நல்லா இருக்கான்ல?" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கான்" என்றேன்.

யோசித்துப் பாருங்கள். நன்றாக இருக்கிற நாயைப் பற்றி யாருக்கும் கேட்பதற்கு ஒன்றுமில்லை. அதைப் பார்த்துக்கொள்கிறவனைப் பற்றி அதைவிடவும் இல்லை.

அன்று இரவு மாத்திரையைச் சிங்கில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அதன் பிறகு அவள் ஏதாவது ஊருக்கு அருகில் வரும் நாட்களைப் பார்த்து நிறுத்தினேன். காட்டு நடுவில் அவள் தவிக்கக் கூடாது என்பதற்காக. நடுநடுவே கொடுத்துத் தேற்றினேன். விழும்போது தலையில் அடிபடாமல் இருக்க மேசையை ஓரமாக நகர்த்தி, தரையில் மெத்தை விரித்தேன். ஒவ்வொரு தடவையும் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். சீஸ் துண்டை மட்டும் ஒரு வேளை கூட நிறுத்தவில்லை. அவன் அதற்குப் பழகியிருந்தான். வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்பான்.

மார்னி சிக்னல் கிடைத்த நாளெல்லாம் பேசினாள். அவளோடு நடப்பவர்கள் எல்லோருக்கும் என் பெயர் தெரியுமாம். ஒருநாள் போனை அவர்களிடம் கொடுத்தாள், யாரோ ஒருவன், "சூப்போட வெண்டலா? நீங்க பெரிய மனுஷன் சார்" என்றான். காப்பிக் கடையில் பணிப்பெண் ரோஸ்கோவை விசாரித்துவிட்டு எனக்கு ஆப்பிள் பை வைத்தாள். விலங்கு மருத்துவர் இங்கிரிட் ஹால் மட்டும் நெற்றியைச் சுருக்கினார். "இந்த அளவு குடுத்தும் ஏன் அடங்கல?" என்று மாத்திரையின் அளவைக் கூட்டிவிட்டு, இரத்தம் எடுத்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினார். நான்தான் ஊசி குத்தும்போது அவன் காலைப் பிடித்துக்கொண்டேன்.

செப்டம்பரில் மார்னி கடைசி மலைத்தொடருக்கு வந்துவிட்டாள். எல்லைக்குச் சில நாள் நடைதான் பாக்கி. அப்போது ரோஸ்கோவுக்கு வலிப்பு ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அவளிடம் வரவேண்டாம் என்றுதான் சொன்னேன். "நீ முடிச்சிட்டு வா. நான் இருக்கேன்ல." அப்படிச் சொன்னால் அவள் கிளம்பி வந்துவிடுவாள் என்று தெரிந்துதான் சொன்னேன். ஏரிப் படகு, பஸ், அப்புறம் யாருடைய டிரக்கிலோ என்று வந்துகொண்டிருந்தாள். அந்த இரண்டு நாளும் மாத்திரை கொடுத்திருந்தால் ரோஸ்கோ பிழைத்திருக்கலாம். ஆனால் வந்து பார்க்கும்போது அவன் ஓடிவந்து வாலாட்டினால், அவள் மறுநாளே மலைக்குத் திரும்பியிருப்பாள்.

அவள் வருவதற்கு முன்பே அவன் போய்விட்டான். கடைசி வரை என் கை அவன் நெஞ்சில்தான் இருந்தது.

அன்று மார்னி என் தோளில் முகம் புதைத்து அழுதாள். அவள் மேல் புகையும் மண்ணும் மணத்தன. கொல்லையில் நானே குழி தோண்டினேன். அந்த மாட்டிறைச்சியைச் சமைத்தேன், கொஞ்சம் சாப்பிட்டாள். அவ்வளவு நிறைவான நாள் எனக்கு வாய்த்ததில்லை.

மறுநாள் ஆய்வக முடிவு வந்து, மருத்துவர் அவளைக் கூப்பிட்டிருக்கிறார். இரத்தத்தில் மருந்து ஏறக்குறைய இல்லவே இல்லையாம். மார்னி என் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

"வெண்டல், மாத்திரை குடுத்தீங்களா?"

"நல்லாத்தான் பாத்துக்கிட்டேன், மார்னி."

"நான் அத கேக்கல."

அவள் சத்தம் போடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு பின்னோக்கியே படியிறங்கிப் போனாள். அதற்குப் பிறகுதான் நீங்கள் வந்தீர்கள்.

ஆக, மாத்திரையை நிறுத்தியது நான்தான். என்ன ஆகும் என்று தெரிந்தே நிறுத்தினேன். எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களோ போடுகிறேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அவள் நடக்க வேண்டிய வழி இன்னும் மிச்சம் இருக்கிறது. அடுத்த கோடையில் கட்டாயம் போவாள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற யாராவது வேண்டும். நேற்று ஒரு ஆள் வந்து அவள் வீட்டுக் கதவின் பூட்டை மாற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஆனால் மலைக்குக் கிளம்பும்போது என்னிடம் கொடுத்த சாவியை அவள் திருப்பிக் கேட்கவில்லை. நான் வேண்டாம் என்று நினைப்பவள் கேட்டிருப்பாள் அல்லவா.