வாய் திறக்காத வான்கோழி

“…மூண்டு வருசமா ஒரு வான்கோழிச் செட்டை கூட உன்ர அப்பா வீட்டுக்குக் கொண்டரேல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தாளின்ர முகத்தை நான் எப்பிடிப் பாக்கிறது, சொல்லு… ஹலோ? வினுஷா? ஹலோ… வச்சிட்டாள்.

பாத்தீரே பிள்ளை? தாய் கதைச்சுக்கொண்டு இருக்கேக்கையே வச்சிட்டாள். ‘அம்மா, மீற்றிங்’ எண்டு ஒரு சொல்லு. வெள்ளிக்கிழமை பின்னேரம் என்ன மீற்றிங்? இல்லையில்லை, நீர் எழும்பாதையும், இடம் காணும். தமிழ்தானே? நான் கதைக்கேக்க உமக்கு ஒரு சிரிப்பு வந்தது, அதிலயே பிடிச்சிட்டன். எங்கை, கிளேட்டனுக்கோ? யூனியில படிக்கிறீரோ? ஓ… அப்ப இன்னும் அஞ்சு ஸ்ரேசன் கிடக்கு. நான் ஸ்பிரிங்வேலுக்கு. வான்கோழி வாங்க. ஓம், கடையில! வீட்டில வேட்டைக்குத் துவக்குத் தூக்கிறவரை வச்சுக்கொண்டு நான் ஐஸ் வான்கோழி தேடிப் போறன். சிரியும், சிரியும். எல்லாரும் சிரிக்கினம்.

என்ர மனிசன் ட்ராம் ஓடினவர். இருபத்தாறு வருசம். தேவராஜா எண்டால் டிப்போவில தெரியாத ஆளில்லை. பென்சன் எடுத்தோண்ண மற்ற மனிசர் என்ன செய்வினம்? கத்தரி நடுவினம், கோயிலில அண்டா தூக்குவினம். இவருக்கு டொனி எண்டு ஒரு கூட்டாளி, அவனும் ட்ராம்காரன். அவன்ர தமையனுக்கு வாங்கரட்டாப் பக்கம் பண்ணை. ஆரோ எப்பவோ வளத்த வான்கோழியள் வேலி தாண்டிக் காட்டுக்க ஓடி, குஞ்சு பொரிச்சு, இப்ப கூட்டங்கூட்டமாத் திரியுதாம். விதைக்கிறதெல்லாத்தையும் கிண்டுதாம். வந்து சுடுங்கோ எண்டானாம். இவர் உடன சோதினை எழுதி லைசென்ஸ் எடுத்து, பச்சையும் மண்ணிறமுமா ஒரு உடுப்பும் வாங்கிப்போட்டார். முகத்துக்கு வலை வேற! முதல் நாள் அதோட குசினிக்குள்ள வந்து நிக்கிறார், நான் தேத்தண்ணியைக் கொட்டிப்போட்டன்.

செப்டெம்பரில, வசந்தம் துவங்கேக்க, சேவல் வான்கோழி ஊரைக் கூட்டுமாம். இவர் ஒரு சிலேட்டுத் துண்டில குச்சியை உரசிப் பெட்டையின்ர குரல் குடுத்தால் அதுவும் மறுமொழி சொல்லுமாம். அப்ப போறதுதானே? போகமாட்டார்! செப்டெம்பரில மழை. ஒக்டோபரில முழங்கால் நோ. நவம்பரிலதான் வெளிக்கிடுவார். அதுக்கிடையில அதுகளுக்கு வெடிச் சத்தம் கேட்டுக் கேட்டுப் புத்தி வந்திடும். வாயே திறக்காதுகள். கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் நடக்குமாம். டிசம்பர் பிறந்தால் கோடை, புல்லுக் காஞ்சிடும், நெருப்புப் பயத்தில பண்ணைக்காரன் துவக்கோட உள்ளுக்கு விடான். அப்ப போன சனிதான் இந்த வருசத்துக்குக் கடைசி.

இதுக்குள்ள சம்பந்தி! மகளுக்குச் சரிவந்தது கோயம்புத்தூர்ப் பொடியன். நல்ல பொடியன். தகப்பன் செந்தில்நாதன், அவரும் நல்ல மனிசன், ஆனா வாய்… என்னை விடப் பெரிசு எண்டால் பாரும். இவர் நாளுக்கு நாலு சொல்லுக் கதைக்கிற மனிசன், நிச்சயதார்த்தத்தண்டு பாத்து ‘எங்கட வீட்டு விருந்துக்கு நான் சுட்ட வான்கோழிதான்’ எண்டிட்டார். அந்த விருந்துதான் வாற ஞாயிறு. அந்தாள் விடுவாரே? கிழமைக்கொருக்கா ஃபோன். ‘என்ன சார், வான்கோழி லீவுல போயிடுச்சா? துப்பாக்கி நிஜமா, இல்ல போட்டோவுக்கா?’ இவர் சிரிச்சுப்போட்டு ஃபோனை என்னட்டத் தந்திட்டு, பின் வளவுக்குள்ள போய் அரை மணித்தியாலம் சும்மா நிப்பார்.

அதான் இந்த முறை நானும் வாறன் எண்டனான். எங்க பிழைக்குதெண்டு பாக்க. ‘அங்க கதைக்கப்படாது’ எண்டார். ஏன் பிள்ளை, நான் அப்பிடிக் கதைக்கிற ஆளே?… ம். நீர் வாயே திறக்கிறேல்லை. நீர் நல்ல வேட்டைக்காரியா வருவீர்.

மூண்டு மணித்தியாலம்! ஒரு மரத்துக்கு முதுகைக் குடுத்துக்கொண்டு. சிலேட்டையும் எடுக்கேல்லை. ‘இப்ப கூப்பிடக் கூடாது. அதுகள் போற வழியில இருக்கோணும், அவ்வளவுதான்’ எண்டு காதுக்குள்ள சொன்னார். எறும்பு ஏறுது, தட்டேலாது. தும்மல் வருது, தும்மேலாது. ஆனா ஒண்டு சொல்லோணும். இந்த மனிசன் அசையேல்லை. கலியாணம் கட்டி முப்பத்தொரு வருசம், இவரை நான் அப்பிடிப் பாத்ததில்லை. வீட்டில ரிமோட்டுக்கு நாலு தரம் எழும்புறவர்… அதில அவ்வளவு வடிவா இருந்தார்.

அப்பதான் வந்தது. ஒரு சத்தமில்லை. கறுப்பு, வெயில் பட்ட இடம் மட்டும் செப்புக்குடம் மாதிரி மினுங்குது. நெஞ்சில தாடி. அறுபது கவடு தூரம் இருக்கும். முப்பதுக்குக் கிட்ட வந்தால்தான் சுடலாமாம். இவர் துவக்கை மெல்ல, மெல்ல உயத்துறார். கோழி நிண்டிட்டுது. திரும்பப் பாக்குது. போகப்போகுது! எனக்கு மூண்டு வருசமும், சம்பந்தியும், ஞாயிற்றுக்கிழமையும் எல்லாம் ஒண்டா மண்டைக்குள்ள. மடியில புட்டுப் பெட்டி. ஒரு பிடி எடுத்து எறிஞ்சு…

‘பா… பா… பா… பா…’

ஐயோ, அப்பிடிப் பாக்காதையும்! நான் வேணுமெண்டே செய்தனான்? பின் வளவில நாலு கோழி வளக்கிறன். விடிய எழும்பி அப்பிடித்தான் கூப்பிடுறது. கை தீனியை எடுத்தால் வாய் தானாக் கூப்பிடும்.

பறந்திடும் எண்டு நினைச்சன். வந்துது, பிள்ளை! மூண்டு வருசமா இவருக்கு மறுமொழி சொல்லாத சாமான், தலையைச் சரிச்சு ஒரு கண்ணால என்னைப் பாத்துக்கொண்டு நேர நடந்து வருது. ஐம்பது… நாப்பது… முப்பதில நிண்டு புட்டைக் கொத்துது. இவருக்குக் குறி சரி. விரல் விசையில. எனக்கு என்ன வந்ததோ, அவற்ற தோளைப் பிடிச்சிட்டன். ‘வேண்டாமப்பா. சாப்பிடக் கூப்பிட்டு வந்தது.’

இவர் துவக்கை இறக்கி, தோட்டாவைக் கழட்டிப் பொக்கற்றுக்க வச்சார். அது ஆறுதலாச் சாப்பிட்டு, தேங்காய்ப்பூவையும் பொறுக்கிப்போட்டு நடந்து போச்சு.

திரும்பி வரேக்கையும் ஏசேல்லை. ஏசியிருந்தால் நானும் ரெண்டு குடுத்து அதோட முடிஞ்சிருக்கும். இரவு சம்பந்தி எடுத்தார். ஸ்பீக்கரில போட்டிருக்கு, நான் பக்கத்தில நிக்கிறன். ‘இந்த முறையும் காணேல்லை. ஒரு சத்தமுமில்லை’ எண்டுறார். என்ர பேரே எடுக்கேல்லை! அந்தாள் விழுந்து விழுந்து சிரிக்குது. நான் என்ன செய்தனான் தெரியுமே? நானும் சேந்து சிரிச்சு, ‘இவர் கண்ணாடி மாத்தோணும்’ எண்டன். பிறகு கிழமை முழுக்க அதே கதை. கோயிலில சொன்னன். மகளுக்குச் சொன்னன். ரெயினில ஏறி உமக்கும் அதைத்தானே துவங்கினனான்…

ஹன்ரிங்டேல் போட்டுதே? அடுத்தது உம்மட இடம். இரும், கதவு திறக்க நேரம் கிடக்கு.

ஞாயிறு மேசையில நானே சொல்லப்போறன். கலியாணம் முடியுமட்டும் என்னை வச்சுச் சிரிக்கட்டும். எப்பிடித் துவங்கிறதெண்டுதான்… ஒருக்காச் சொல்லிப் பாக்கிறன், நீர் செந்தில்நாதன் எண்டு வையும். ‘அண்ணை, இந்த ஐஸ் வான்கோழி இருக்கெல்லே…’ சீ, அப்பிடியில்லை. ‘அண்ணை, நீங்கள் பகிடி பண்ணுறியள், ஆனா…’ அதுவுமில்லை. ஓம், ஓம், கிளேட்டன்தான், இறங்கும், படி பாத்து! பையை விட்டிட்டுப் போறீர், இந்தாரும்! பிள்ளை… ஒரு நிமிசம், வந்திட்டுது, கேட்டிட்டுப் போம்:

‘அண்ணை, அவர் குறி தப்பேல்லை. நான் கேட்டதால விட்டவர்.’”