பெயர் வாசிக்கும் நேரத்தில் ஏறும் பிரஷர்

சொந்த உழைப்பில் மூன்று லாரி வாங்கியவன் நான். ஆனாலும் எங்கள் ஊரான திகாம் பத்துவின் அரசாங்க கிளினிக்கில் எல்லாரையும்போல வரிசையில்தான் உட்காருவேன். அன்று பக்கத்தில் இரண்டு பெண்கள். மூத்தவருக்குக் கண் ஆபரேஷன். பிரஷர் இறங்காததால் இரண்டு முறை தள்ளிப்போய்விட்டதாம்.

"வீட்டுல நல்லாத்தான் இருக்கு. இங்க பேர் வாசிக்க ஆரம்பிச்சதும் ஏறிடுது லா," என்றார் அவர்.

"பேருக்கும் பிரஷருக்கும் என்னக்கா?" என்றார் இளையவர்.

"எஸ்டேட்டுல விடியக்காலையில வேலைக்கு ஆள் எடுக்க பெரட்டுன்னு வரிசையா நிக்கிறப்ப, வேலை வாங்குற மண்டோர் பேர் வாசிப்பான். நம்ம பேர் வரலன்னா அன்னைக்கு வேலை இல்ல. வீட்டுல அஞ்சு பிள்ளைங்க. காதைத் தீட்டிக்கிட்டு நிப்பேன், நெஞ்சு தடதடன்னு அடிக்கும்."

"அந்த மண்டோர் செத்தே போயிட்டான்கா!"

"எனக்குத் தெரியுது. நெஞ்சுக்கு யாரு சொல்றது?"

இளையவர் எழுந்துபோய்த் தாதியிடம் ஏதோ சொன்னார். பெயர்களை வாசிக்கத் தொடங்கும் முன்பே தாதி வந்து, மூத்தவரின் பக்கத்தில் உட்கார்ந்து, பேரப்பிள்ளைகளை விசாரித்தபடியே கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினார்.

"நல்லா இறங்கியிருக்கும்மா. டாக்டர் ஆபரேஷனுக்கு விட்டுடுவாரு."

மூத்தவர் நம்பவில்லை. "இன்னொரு தடவை பாரு, மிஸ்ஸி."

"வேணாம்கா, பேர் வாசிக்கப் போறாங்க, கெடுத்துக்காத!" என்று இளையவர் அவர் கையைப் பிடித்து எழுப்பினார்.