நான்காவது அடி

நான் ஒரு நாளைக்கு மூன்று முறை பல் தேய்ப்பவன். காலையில், மதியச் சாப்பாட்டுக்குப் பின், மேடை ஏறுவதற்கு முன். அடுத்தவர் முகத்துக்கு நாலு விரற்கடை தள்ளி வாயைத் திறந்து பாடுகிறவனுக்கு அது குறைந்தபட்ச நாகரிகம் மேடம். என் அப்பா ஒரு பல் மருத்துவரிடம் கருவி கழுவும் வேலையில் இருந்தார். சாப்பிட உட்காரும்போதுதான் அன்றைக்குப் பார்த்த வாய்களைப் பற்றி ஆரம்பிப்பார். "இன்னைக்கு ஒருத்தர் வந்தாரு பாரு, வாசல்லயே வாடை வந்துடுச்சு" என்பார். அம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவார். நான் மட்டும் உட்கார்ந்து கடைசிவரை கேட்பேன். அருவருப்பு எனக்கு அங்கே பழகியிருக்க வேண்டும். பழகவில்லை, வளர்ந்தது.

பத்தொன்பது வயதில் இசை நாடகக் குழுவில் சேர்ந்தேன். எட்டு வருடம் மூன்றாவது வரிசையில் நின்று கோரஸ் பாடினேன். சிப்பாய், மீனவன், கல்யாண வீட்டு விருந்தாளி, ஒரு நாடகத்தில் மரம். அப்புறம் ஒருநாள் இயக்குநர் ஒத்திகையை நிறுத்தி, "யாருய்யா அது, மேல போறது?" என்றார். நான்தான். மேல் சுரத்தில் என் குரல் எல்லாருடைய தலைக்கும் மேலே தனியாகப் போய் நிற்கும். அடுத்த வருடம் கதாநாயகன் ஆனேன். ஜோடியாகக் கிடைத்தவர் அவர்.

என்னைவிட மூன்று வயது மூத்தவர், அப்போதே பெயர் வாங்கியவர். மேடையில் அவர் என் உயிர். திரை விழுந்ததும் நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். இருபது வருடம் அப்படியே போனது. எங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று நம்பியவர்கள் உண்டு. அவருக்குக் கணவர் இல்லை, ஒரு மகள். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

முதல் பதினைந்து வருடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் தள்ளி நின்றுதான் பாடினார். கடைசி ஐந்து வருடத்தில்தான் நெருங்க ஆரம்பித்தார். அந்தச் சமயத்தில் எனக்குத் தொண்டையில் ஒரு சின்னத் தொந்தரவு இருந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வயதாக ஆகச் சிலர் அப்படி ஒட்டிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். உச்சக் கட்டத்தில் நெற்றியோடு நெற்றி வைத்துவிடுவார். அவருக்கு மேல்வரிசையில் நான்கு பல் கட்டியவை. அந்தப் பசையின் வாடை, அதன்மேல் கிராம்பு, அதன்மேல் காலையிலிருந்து எதுவும் சாப்பிடாத வயிற்றின் புளிப்பு. கழுத்து மடிப்பில் பவுடர் வியர்வையில் ஊறிச் சந்தனக் கட்டி போலத் திரண்டிருக்கும். வாயைத் திறந்தால் அந்த மேல்பற்களின் ஓரத்திலிருந்து எச்சில் தெறிக்கும். என் கீழுதட்டில் விழும். எண்ணூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது துடைக்க முடியாது. அடுத்த வரிக்கு வாயைத் திறந்தாக வேண்டும். ஆகவே விழுங்குவேன். வாரத்துக்கு ஆறு காட்சி, ஐந்து வருடம்.

நியாயமான வழிகள் எல்லாவற்றையும் பார்த்தேன். புதினா மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். "எவ்வளவு அக்கறை என் தம்பிக்கு" என்று எல்லாரிடமும் காட்டினார். இயக்குநரிடம் போய்க் காட்சியை மாற்றச் சொன்னேன். "ஜனங்க அந்த நெருக்கத்தைப் பார்க்கத்தான்யா வர்றாங்க" என்று சிரித்தார். கடைசியில் அவரிடமே கேட்டேன்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நின்னு பாடலாமே."

அவர் விக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்து, "தள்ளி நின்னா உங்களுக்குத்தான் கஷ்டம் தம்பி" என்றார்.

என்ன திமிர் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் நாக்கைத் தேய்த்துத் தேய்த்து ரத்தம் வந்தது.

கடைசி நாடகத்தில் நான் கடிகாரம் பழுது பார்ப்பவன், அவர் கோபுரக் காவல்காரரின் மகள். இறுதிக் காட்சி கோபுரத்து உச்சி. பன்னிரண்டு அடி உயரத்தில் ஒரு மரமேடை, பின்பக்கம் கைப்பிடி கிடையாது, கறுப்புத் திரை மட்டும். நாங்கள் விரல் கோத்து, முகத்தோடு முகம் வைத்து, மேல் சுரத்தைப் பிடித்துக்கொண்டே பின்னால் நகர்வோம். அவர் பின்புறமாக நடப்பார், நான் அவரைத் தொடர்ந்து முன்னே வருவேன். கண்ணாடி போடாவிட்டால் அவருக்குக் கண் தெரியாது. தெரிந்தாலும் பின்னால் பார்க்க முடியாது. அதனால் ஒத்திகையிலேயே ஓர் ஏற்பாடு. நான்காவது அடியில் நான் அவர் விரலை அழுத்துவேன். அழுத்தினால் நின்றுவிடுவார். ஐந்தாவது அடிக்கு அங்கே இடமில்லை.

நூற்றுப் பன்னிரண்டு காட்சிகளில் ஒழுங்காக அழுத்தினேன்.

நூற்றுப் பதின்மூன்றாவது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல் காட்சி. அவருக்குச் சளி. மூன்றாவது அடியில் கட்டியாக ஏதோ ஒன்று என் உதட்டில் வந்து ஒட்டியது, கொஞ்சம் சூடாக. அதை விவரிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த நிமிடத்தில் தோன்றியது என்று எழுதாதீர்கள், அது உண்மையாக இருக்காது. இரண்டு மாதமாகவே யோசித்து வைத்திருந்தேன். நான்காவது அடியில் நான் அழுத்தவில்லை. நின்றேன், விரல்களைத் திறந்தேன். அவர் என்மேல் இருந்த நம்பிக்கையில் ஐந்தாவது அடியை எடுத்து வைத்தார். கறுப்புத் திரை ஒருமுறை உப்பியது, அவ்வளவுதான். கீழே செட் மாற்றும் இரும்புச் சட்டங்கள் அடுக்கியிருந்தார்கள்.

அவர் மூன்று நாள் இருந்தார். மருத்துவமனைக்குப் போனேன், போகாமல் இருந்தால் தப்பாகப் பேசுவார்கள். மகள் அழுதுகொண்டே, "எப்படிம்மா விழுந்தே? மாமா விரலை அழுத்தலையா?" என்று கேட்டாள். "தம்பி அழுத்தியிருப்பாரு. எனக்குத்தான் விரல் மரத்துப் போச்சு" என்றார் அவர். சொல்லும்போது கடைவாயில் எச்சில் வழிந்தது. மகள் ஒரு துணியை என் கையில் கொடுத்து, "துடைச்சு விடுங்க மாமா, நர்ஸைக் கூப்பிட்டுட்டு வர்றேன்" என்று போனாள். நான் துணியை மேசைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வரும்போது தலையணை நனைந்திருந்தது.

புதிதாக வந்த ஜோடி சின்னப் பெண். சோப்பு வாசனை, இரண்டு கை தள்ளி நிற்பாள். எவ்வளவு நிம்மதி என்று சொல்லி முடியாது. மூன்றாவது காட்சியில் மேல் சுரத்தில் என் குரல் உடைந்தது. சபையே எழுந்து நின்று அழுதது. துக்கத்தில் தழுதழுக்கிறார் என்று பத்திரிகையில் எழுதினார்கள். நானும் மறுக்கவில்லை. அடுத்த மாதமும் உடைந்தது. அதற்கடுத்த வருடம் அப்பா வேடம் கொடுத்தார்கள், பிறகு நீதிபதி வேடம். நீதிபதிக்குப் பாட்டு இல்லை.

இப்போது ஆறு வருடம் கழித்து மகள் உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுத்திருக்கிறாள். குழுவின் பழைய சவுண்டுக்காரர் பதிவுகளைப் போட்டுக் காட்டினாராம். எங்கள் இரண்டு பேருக்கும் தனித்தனி மைக், என்னுடையது நெற்றியில் முடிக்குள் ஒட்டியிருக்கும். அதில் பதிவான மேல் சுரம் முழுக்க அவருடைய கனத்த அடிக்குரல் என்கிறார், ஆணின் மேல் சுரம் பெண்ணுக்கு அடிக்குரலில்தான் வருமாம். எனக்கு எட்டாமல் போனதிலிருந்து, நெற்றியோடு நெற்றி வைத்து நெருங்கி, என் மைக்கில் என் சுரத்தை அவர் பாடினாராம். அவரே சவுண்டுக்காரரிடம், "தம்பிக்குத் தெரிய வேணாம், மனசு விட்டுப் போயிடும்" என்று கேட்டுக்கொண்டாராம். இது எனக்குத் தெரிந்துபோய், அவமானம் தாங்காமல் அவரைக் கொன்றேன் என்று மகள் எழுதியிருக்கிறாள்.

பதிவை நீங்களும் எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். அவர் விழுந்த நொடியில் என் மைக்கில் சுரம் நின்றுவிடுகிறது, உண்மைதான். அதிர்ச்சியில் நான் பாட்டை நிறுத்தினேன் என்று விளக்கினேன். நீங்கள் பேனாவை வைத்துவிட்டு, "இரண்டு மாசமா திட்டம் போட்டேன்னு சொல்றீங்க. அப்புறம் என்னங்க அதிர்ச்சி?" என்று கேட்டீர்கள். அது வேறு விஷயம் மேடம். பழைய பதிவுகளில் குரல் மாறித் தெரிவது சகஜம்.

நான் இங்கே வந்தது தப்பிப்பதற்கு அல்ல மேடம். அவரைத் தள்ளிவிட்டதற்குச் சமமாக ஒன்றைச் செய்தேன், அருவருப்பில் செய்தேன், எத்தனை வருடம் கொடுத்தாலும் இருந்துவிட்டு வருகிறேன். தாளை இப்படித் திருப்பி வையுங்கள். கொலைக்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவர் என் சுரத்தைப் பாடினார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை முதலில் அடியுங்கள்.