காந்திபுரத்து மாடி ஜெபம்

– நேத்து காந்திபுரத்துக்கு எதுக்குப் போன அம்மணி? நேரா சொல்லு.

– நூலு வாங்கத்தானுங்க. இந்த அவரைக்காய அரிஞ்சுபோட்டு வாரேன், இருங்க.

– நூல்கடை மூணாவது மாடியிலயா இருக்குது?

– ஏனுங்க, என்ன கேக்கறீங்க?

– துணிக்கடைக்கு மேல, ஜேக் பாஸ்டரோட வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டம். மதுக்கரைச் சபை ஆயர் பாக்கியராஜோட சம்சாரம் அங்க போயி முட்டி போட்டுட்டு வந்திருக்கறா. பொய்யா?

– ஆருங்க சொன்னது?

– நம்ம சபைச் சகாயம் பாத்திருக்கறான்.

– சகாயண்ணன் கால்ல மாவுக்கட்டோட படுத்துக் கெடக்கறாருங்க. புதன்கிழமை நீங்கதான போயி ஜெபம் பண்ணிட்டு வந்தீங்க.

– சகாயமோ, வேற எவனோ. படிக்கட்டுல கெடந்த செருப்புக் குவியல்ல உன் செருப்பும் கெடந்துதாம். நீல வாரு, எடதுகால்ல தையல் போட்டது.

– அந்தத் தையல் போட்டது நீங்க. நம்ம ரெண்டு பேரத் தவர வேற ஆருக்குங்க அது தெரியும்? நீங்களே வந்தீங்களா?

– பஸ்ஸுக்குப் போற வழி. பாட்டுச் சத்தம் கேட்டுது. படிக்கட்டுல நின்னேன்.

– உள்ள வந்திருக்கலாமுங்களே.

– நானா? கேட்டுக்கோ. எங்க தாத்தா ஆயர். எங்கப்பா ஆயர். காரமடை வரைக்கும் சைக்கிள் மிதிச்சு ஊழியம் பண்ணின மனுசன். அந்தக் குடும்பத்துல வந்தவன், ஜீன்ஸ் போட்ட ஒரு பொடியன் முன்னால போயி உக்காரோணுமா?

– மெதுவாப் பேசுங்க. பக்கத்தூட்ல கேக்கும்.

– நாளைக்கு ஆராதனையில மொத பெஞ்சுல உக்காருவியே, அப்பக் கேக்கும் பாரு. ஆயரோட ஜெபம் ஆயரூட்டுக்கே பத்தலைன்னு சனம் பேசும். மூணு தலைமுறைப் பேரு ஒரு செருப்புல போச்சு.

– போன ஞாயித்துக்கெழமை உங்க கெட்ட குமாரன் பிரசங்கம் நல்லா இருந்துதுங்க. தம்பி திரும்பி வந்துட்டான்னு ஊட்டுக்குள்ள ஆட்டம் பாட்டம். மூத்தவன் மட்டும் உள்ள போகாம வெளிய நின்னானே, அதைப் பத்தி.

– அதை எதுக்கு இப்ப இழுக்கற?

– படிக்கட்டுல நின்னேன்னீங்க. ஞாபகம் வந்துதுங்க.

– குத்திக் காட்டறயா? வெளிய நின்னவன்கிட்டயும் நியாயம் இருக்குது அம்மணி. அத்தன வருசமும் காட்டுல பாடுபட்டவன் அவன். கல்யாணத்துக்கு நான். கல்லறைக்கு நான். வெயில்ல ஊடு ஊடா ஏறி எறங்கறது நான். புள்ளைக்குக் காய்ச்சல்னா மட்டும் அந்த ஜீன்ஸ் பொடியன்கிட்ட ஓடறாங்க. அவன் தலையில கை வெச்சா எந்திரிக்குதாம். நான் கை வெச்சு எந்திரிச்சவன் ஒருத்தனாவது சாட்சி சொன்னானா?

– உங்களுக்குச் சாட்சி எதுக்குங்க? கர்த்தருக்குத் தெரியாதுங்களா?

– அவன் பேசறதெல்லாம் பிரசங்கமா? பாதி கதை, பாதி சிரிப்பு. ஒரே சாட்சியத் திருப்பித் திருப்பி மூணு வாரம் சொல்றான்.

– மூணு வாரமும் கேட்டீங்களா?

– சனம் சொல்லுது. அத விடு. உன் தலையில கை வெச்சானா?

– வெச்சாருங்க. அம்மான்னு கூப்பிட்டு, மருவாதியாத்தான்.

– இத்தன வருசமா இந்தக் கை உனக்குப் பத்தலையா?

– அந்தக் கைய நான் ஒரு நாளும் கொறை சொன்னதில்லீங்க.

– அப்புறம் என்ன? உன் சர்க்கரையா? நம்ம பையன் பிராங்குக்கு இன்னும் வேலை அமையலைன்னா? என்கிட்டச் சொல்லியிருந்தா நான் முழங்கால்ல நின்னிருக்க மாட்டனா?

– உங்ககிட்டச் சொல்ல முடியாததுங்க.

– புருசன்கிட்டச் சொல்ல முடியாதத அவன்கிட்டச் சொன்னயா?

– பேரச் சொல்லலீங்க. எந்த ஊரு, எந்தச் சபைன்னும் சொல்லல. எங்கூட்டுக்காரருக்காக ஜெபிங்கன்னு மட்டுந்தான் கேட்டேன்.

– எனக்காகவா! எனக்கு என்ன கேடு? கல்லாட்டமா இருக்கறேன்.

– ஒடம்புக்கு இல்லீங்க. கோவிச்சுக்காம கேளுங்க. தெனமும் விடியால எந்திரிச்சு ஜெப அறைக் கதவச் சாத்திக்கறீங்க. நான் காப்பியோட வெளிய நிக்கறேன். முன்னெல்லாம் ஒவ்வொரு ஊட்டுப் பேரா சொல்லி அழுவீங்க. எனக்கு வெளிய நின்னே கண்ணு தண்ணி உட்டுரும்.

– இப்ப மட்டும் என்ன? அறைக்குள்ள சத்தம் கேக்காமயா இருக்குது?

– கேக்குதுங்க. ஆனா கிறிஸ்துமஸ் போனதுல இருந்து, விடியால அந்தக் கதவுக்குள்ள உங்க போன்ல ஓடிக்கிட்டு இருக்கறது ஜேக் பாஸ்டரோட பிரசங்கமுங்க.