மூன்றாம் மாடிக்குப் போன கம்பி

எங்கள் கட்டடத்தில் இணையம் ஒருநாளும் நின்றதில்லை. அந்த நாளில் அலெக்சாந்திரியாவில் இப்படிச் சொல்லக்கூடிய கட்டடங்கள் குறைவு.

ஒன்பது வீடுகள், ஒரே இணைப்பு. ஊரில் எல்லோரும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். தொலைபேசி என் பெயரில், மோடம் என் வீட்டில், பால்கனி வழியாக வீட்டுக்கு ஒரு கம்பி. நான் கொஞ்சம் ஒழுங்காகச் செய்தேன், அவ்வளவுதான். நான் வேலை பார்த்த வங்கியில் கழித்துப்போட்ட இணையப் பாதுகாப்புப் பெட்டியை, ஃபயர்வாலை, கேட்டு வாங்கி வந்தேன். உங்கள் மேசைமேல் இருக்கிறதே, அதுதான். மோடத்தை வெறும் பாலமாக மாற்றிவிட்டு, தொலைபேசி நிலையம் தந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் பெட்டியில் பதித்தேன். அன்று முதல் ஒன்பது வீடுகளுக்கும் வருவதும் போவதும் அதைத் தாண்டித்தான்.

பெட்டியில் பதிவாகும் விவரங்களைப் பார்ப்பது என் பொறுப்பு. அப்போதெல்லாம் மின்னஞ்சல் கடவுச்சொற்கள் உறையில்லாத கடிதம் மாதிரி போகும். மூன்றாம் மாடி இனாஸுடையது கண்ணில் பட்டது. நான் தேடவில்லை.

அவள் வலது கையில் நிச்சய மோதிரம் இருந்தது. நிச்சயித்திருந்த வக்தி மாண்ட்ரியலில் படித்துக்கொண்டிருந்தான். அவன் கடிதங்களை ஒரு குளிர்காலம் முழுக்கப் படித்தேன். லூசி என்றொரு பெயர் இருமுறை வந்தது. பேராசிரியரின் மனைவி, அறுபது வயது என்று அவனே எழுதியிருந்தான். கேட்காமலே வயதைச் சொன்னதுதான் எனக்குச் சந்தேகம். அதன்பின் அவன் கடிதங்களை அவள் பார்க்குமுன் எடுத்துவிட்டேன். அவளுடையவை பெட்டியைத் தாண்டவில்லை.

மூன்றாவது வாரம் மாடியேறி வந்தாள். இன்ஜினியர் என்பதால் கட்டடத்தில் எல்லோருக்கும் நான் பாஷ்முஹந்திஸ்.

“பாஷ்முஹந்திஸ், எங்க கம்பியில கோளாறா? ஒரு கடுதாசியும் வரல.”

“சுக்ரி அங்கிள்கிட்ட கேட்டுப் பாரேன். குவைத்துலேருந்து அவர் பொண்ணு தினமும் எழுதுறா.”

கேட்டாள். எல்லா வீட்டுக்கும் வந்துகொண்டிருந்தது. அப்படியானால் கோளாறு யாரிடம் என்று அவளே முடிவுசெய்துகொண்டாள். நான் பொய் சொல்லவில்லை; கம்பி நன்றாகத்தான் இருந்தது.

தொலைபேசியில் கூப்பிட அவள் அம்மா மாதாம் தவ்லத் விடவில்லை. “நம்ம வீட்டுப் பொண்ணு மாப்பிள்ளை பின்னாடி ஓடாது. அவனுக்கு நாக்கு இல்லையா?”

அவன் கூப்பிட்டுவிடுவானோ என்றிருந்தது. அதனால் அவள் பெயரில் நான்கு வரி எழுதினேன்: வேறு இடம் பேசிவிட்டார்கள், எனக்கும் சம்மதம், கூப்பிட வேண்டாம், மோதிரம் வந்து சேரும்.

ஆண் முறித்தால் நகை பெண்ணுக்கே. பெண் முறித்தால் திருப்ப வேண்டும். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அவன் கைவிட்டான் என்று நம்பிய மாதாம் தவ்லத், “அவன் தங்கம் யாருக்கு வேணும்?” என்று ரோஷத்தில் மோதிரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அது நான் எதிர்பாராத உதவி. என் கடிதத்தை அவன் வீட்டார் நம்பினார்கள்.

இனாஸ் சாப்பாட்டை நிறுத்தினாள். அவள் மயங்கி விழுந்த அன்று மின்தூக்கி ஓடவில்லை, மருத்துவமனைக்குக் கொண்டுபோக மூன்று மாடியும் அவளை நான்தான் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அன்று மாலை, உடை மாற்ற வீட்டுக்கு வந்தபோது, வக்தியின் கடிதம் வந்திருந்தது. ‘இது நீ எழுதியது மாதிரி இல்லை. ஒரு வார்த்தை சொல், படிப்பை விட்டு வந்துவிடுகிறேன்.’ அழித்துவிட்டு, கோழி சூப் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குத் திரும்பினேன். அவள் இரண்டு கரண்டி குடித்தாள்.

எங்களுக்குத் திருமணமாகிப் பதினோரு வருடம். போன வாரம் வக்தியின் தங்கை அந்த நான்கு வரியைத் தாளில் எடுத்துவந்து அவளிடம் காட்டியிருக்கிறாள். இனாஸ் நேராகக் காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். கோபம், ஆறிவிடும்.

எழுதிக்கொள்ளுங்கள். கடிதம் என்னுடையது. அழித்ததும் நான்தான், மொத்தம் முப்பத்தொன்று. ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: திருமணத்தன்று சம்மதமா என்று கேட்டபோது யாரும் வற்புறுத்தவில்லை. என்னைத் தேர்ந்தெடுத்தது அவளேதான்.