அப்பாவின் துப்பாக்கிக்கு ஒரு கையெழுத்து

தம்பி: கையெழுத்தெல்லாம் போட முடியாதுண்ணே.

அண்ணன்: படிச்சுப் பாத்துட்டாவது முடியாதுன்னு சொல்லுடா.

தம்பி: படிக்க என்ன இருக்கு? அப்பா போய் முழுசா ரெண்டு மாசம் ஆகல. அதுக்குள்ள துப்பாக்கி உன் பேருக்கு மாறணும். வயல்ல பன்னி வருதுன்னு எழுதியிருப்ப.

அண்ணன்: உன் பக்கத்துக் கிழங்கையும்தான் தோண்டுது.

தம்பி: தோண்டட்டும். நான் தகர டப்பாவைத் தட்டிக்கிறேன். இத்தனை வருஷமா அதானே என் உத்தியோகம். நீ துப்பாக்கியோட முன்னாடி, நான் டப்பாவோட பின்னாடி.

அண்ணன்: பன்னி ஓடுறது என்னவோ உன் டப்பாவுக்குத்தான்.

தம்பி: சிரிக்காத. உனக்கு அப்பா துப்பாக்கிக்கு எண்ணெய் போடக் கத்துக் குடுத்தாரு, குறி பாக்கக் கத்துக் குடுத்தாரு. நான் உள்ள வந்தா துண்டைப் போட்டு மூடிடுவாரு. எனக்கு மீசை வந்தப்புறமும் மூடினாரு.

அண்ணன்: அவருக்குப் பயம்டா. அக்கா காலு அப்படி ஆனதுல இருந்து... துடைக்கும்போது கை தவறி வெடிச்சிடுச்சுன்னு சொல்லிச் சொல்லி அழுவாரே.

தம்பி: ம்.

அண்ணன்: இது பேர் மாத்துற காகிதம் இல்ல. போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைக்கிறதுக்கு. மூணு பேரும் போடணும். அக்கா போட்டாச்சு.

தம்பி: ஒப்படைக்கவா? ஓஹோ... உனக்கு இல்லாட்டியும் பரவாயில்ல, என் கைக்கு மட்டும் வந்துடக் கூடாது.

அண்ணன்: உனக்கு எதுக்குடா அது?

தம்பி: சுட இல்ல. என்னை நம்பிக் குடுத்தாங்கன்னு இருக்கணும். ஒரு நாளாவது.

அண்ணன்: முதல்ல இதைப் படிச்சுப் பாருடா.

தம்பி: அக்கா என்ன சொன்னா?

அண்ணன்: ஒண்ணும் சொல்லல. பேனாவை வாங்கினா, போட்டா.

தம்பி: அவ எப்பவும் சொன்னதில்ல. அப்பா துடைக்கவே இல்லண்ணே. சுவத்துல சாத்தியிருந்துச்சு. உன்னை மாதிரி தோள்ல வெச்சுப் பாத்தேன்... அவ எதிர்ல நின்னா...

அண்ணன்: ஆறு வயசு உனக்கு. ஞாபகம் இருக்காதுன்னு நெனச்சோம்.

தம்பி: எல்லாம் இருக்கு. அதான் உன்னைப் பாத்தா வயிறு எரியும். அதைத் தூக்கிட்டு நீ நடக்குற நடை இருக்கே... கை சுத்தமானவன் நடை. பின்னாடி வந்துக்கிட்டே பாத்துப் பாத்து வெந்திருக்கேன். சரி, குடு. எங்க போடணும்?

அண்ணன்: பேனாவைக் கீழ வை.

தம்பி: இப்பத்தானே போடச் சொன்ன?

அண்ணன்: கேட்டுட்டுப் போடு. அதுக்கு முந்தின நாள்தான் என்னை முதல்தடவை தனியா காவலுக்கு அனுப்பினாரு. பன்னி வரல. வீட்டுக்கு வந்ததும் தோட்டாவை உருவிட்டுத்தான் சாத்தணும். தூக்கக் கலக்கம்... அப்படியே சாத்திட்டுப் படுத்துட்டேன்.

தம்பி: அண்ணே...

அண்ணன்: வெடிச்சப்புறம், உருவினியாடான்னு அப்பா கேட்டாரு. உருவிட்டேன்னு சொல்லிட்டேன். நீயே தோட்டாவை எடுத்துப் போட்டுச் சுட்டன்னு கடைசி வரைக்கும் நம்பிட்டுப் போயிட்டாருடா.