பற்களுக்குப் பின்னால் ஒரு புல்வழி

மலையுச்சியில் சாப்பிட்டால் சாண்ட்விச்சுக்கு ருசி கூடும் என்கிறார்கள். கூடாது. நாற்பது வருடமாகச் சாப்பிட்டுப் பார்த்தவன் சொல்கிறேன்: நனைந்த ரொட்டி எந்த உயரத்திலும் நனைந்த ரொட்டிதான். மலைகளைப் பற்றி மக்கள் நம்புகிற பொய்கள் இப்படி ஏராளம், இன்ஸ்பெக்டர். அவற்றில் ஒன்று என்னுடையது. அதற்காகத்தான் வந்திருக்கிறேன். தேநீர் நன்றாக இருக்கிறது. நீங்கள் எழுதிக்கொள்ளலாம், நான் நிதானமாகத்தான் பேசுவேன்.

பெயர் டார்க்வில் ஸ்ட்ராக்கன். ஆர்டவ்ரான் ஊரில் எல்லோருக்கும் டார்க். மலை மீட்புக் குழுவில் மூத்தவன். மதுக்கூடத்தில் கணப்புக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. நான் ஊரில் இல்லாதபோதும் அதில் யாரும் உட்காரமாட்டார்கள்.

நீங்கள் எடின்பரோவிலிருந்து வந்தவர், காலணியைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனாலும் இந்த வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஸ்காட்லாந்தில் மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட ஒவ்வொரு மலையையும் ஏறி முடிப்பது என்று ஒரு கூட்டம் அலைகிறது. வளர்ந்த மனிதர்கள், தபால்தலை சேர்க்கிற பையன்களைப் போல. இருபது, முப்பது வருடம் ஆகும். கடைசி மலைக்குச் சொந்தபந்தமெல்லாம் கேக்கும் விஸ்கியும் தூக்கிக்கொண்டு மேலே வந்து காத்திருக்கும். ஏறியவர் வந்ததும் கைதட்டும். அவர் அழுவார். பிறகு எல்லோரும் இறங்கி, முழங்காலைப் பற்றிப் பேசுவார்கள்.

எங்கள் ஏரிக்கு அப்பால் நாலு மலைகள் இருக்கின்றன. சாலையிலிருந்து வெகுதூரம் நடக்க வேண்டும் என்பதால் பெரும்பாலோர் அவற்றைக் கடைசிக்கு வைப்பார்கள். நாலாவது மலை ஸ்கூர் கோரா. அதன் முன்பக்கத்தில் வரிசையாகப் பாறைக் கூம்புகள். நாங்கள் பற்கள் என்போம். கயிறு வேண்டும், நெஞ்சில் கொஞ்சம் துணிச்சலும் வேண்டும். பின்பக்கமோ வெறும் புல். நாலு மலையையும் பின்பக்கமாகப் போனால் சட்டைப்பையிலிருந்து கையை எடுக்காமலே உச்சியைத் தொடலாம். செம்மறியாடுகள் அப்படித்தான் போகின்றன; மேய்ந்துகொண்டே.

வெள்ளிக்கிழமை தவறாமல் யாராவது என் நாற்காலிக்கு அருகில் வந்து, சுலபமான வழி இருக்கிறதா என்று கேட்பார்கள். கையில் இரண்டு ஊன்றுகோல், கழுத்தில் வரைபடம், பையில் இன்னொரு வரைபடம், கைபேசியில் மூன்றாவது. நான் அவர்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இருக்கிறது, ஆடுகளைக் கேளுங்கள் என்பேன். மதுக்கூடமே சிரிக்கும். சிரிக்கிற உரிமை எனக்கு உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். முப்பது வருடத்துக்கு முன் ஒரு பிப்ரவரியில், பனி மூடிய பற்களைத் தனியாகக் கடந்தவன் நான். இந்தப் பக்கத்தில் வேறு யாரும் அதைச் செய்ததில்லை.

டூகல் இம்ரி அந்த உரிமையை ஒருநாளும் கண்டுகொண்டதில்லை. பெய்ஸ்லி நகரத்தில் பஸ் ஓட்டியவன். ஓய்வுபெற்றதும் மனைவி செங்காவோடு எங்கள் ஊருக்கே வந்துவிட்டான். சுலபமான வழி எது என்று அவன் வெட்கமே இல்லாமல் கேட்பான், சத்தமாக. "நான் எங்க ஏர்றேன் தலைவரே, நடக்குறேன். மேல வரைக்கும் ரோடு போட்டிருந்தா பஸ்லயே போயிருப்பேன்" என்பான். அப்போதும் மதுக்கூடம் சிரிக்கும். ஆனால் என்னோடு சிரிக்கிற சிரிப்பு வேறு, அவனோடு சிரிக்கிற சிரிப்பு வேறு. அந்த வித்தியாசம் எனக்குக் கேட்கும்.

போன ஜூனில் அவனுக்கு நாலு மலைகள் மட்டும் பாக்கி. முதல் மூன்றையும் தனியாக நடந்து முடித்துவிட்டு, ஏரிக்கரையில் பூட்டில்லாமல் கிடக்கிற கல்குடிலில் வெள்ளிக்கிழமை தங்குவது. மறுநாள் ஸ்கூர் கோரா உச்சியில் நாங்கள் எல்லோரும் காத்திருப்பது. இது ஏற்பாடு. கிளம்புவதற்குச் சில நாள் முன்பு மதுக்கூடத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"உச்சியில ஒரு சின்னப் பேச்சு வச்சிருக்கேன் தலைவரே. செங்கா கேக்கு செய்யுறா, என் பங்குக்கு நான் பேச்சு."

யாரைப் பற்றி என்று கேட்டேன்.

"உங்களப் பத்தித்தான். மொத மலையில என் கையப் புடிச்சு எறக்கிவிட்டது யாரு? அன்னிக்கு நீங்க மட்டும் வரலேன்னா நான் இன்னிக்கு மலையும் இல்ல, மனுஷனும் இல்ல. புயல்ல நம்ம ஊர் மண்டபக் கூரை பறந்துச்சே, அந்த வாரம். மறந்துட்டீங்களா?"

நான் மறக்கவில்லை. அந்த நாளை உங்களுக்கு விளக்க வேண்டும்.

அன்று நான் பற்களைக் கடக்கத்தான் போனேன். இதை எழுதிக்கொள்ளுங்கள், எண்ணம் அதுதான். முதல் பல்லின் அடியில் நின்று அதைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. வெகுநேரம் அப்படியே இருந்தோம். பிறகு எனக்குக் கால் விறைத்துவிட்டது. நடந்தால் சரியாகும் என்று நடந்தேன். நடந்தது பின்பக்கமாக. உச்சியைத் தொட்டுவிட்டு அதே புல்வழியில் இறங்கும்போது, மூடுபனிக்குள் ஒருவன் உச்சிக்குப் போக முடியாமல், நகரத்துக் காலணியோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். ஓட்ஸ் ரொட்டியும் சீஸும் பாதி கொடுத்தேன். கையைப் பிடித்துக் கீழே கொண்டுவந்து, பெய்ஸ்லி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். என் வாழ்க்கையில் யாருக்காவது உருப்படியாக ஏதாவது செய்தேன் என்றால் அது அந்த ஒரு பிற்பகல்தான். அன்று மாலை மதுக்கூடத்தில் யாரோ, பற்கள் வழியாகவா போனாய் என்று கேட்டார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது. மற்ற உயரத்தையெல்லாம் அவர்களே ஏறிக்கொண்டார்கள்.

கூரை பறந்த வாரம் என்றால் எங்கள் ஊரில் குழந்தைக்கும் கணக்குத் தெரியும். நான் பற்களைக் கடந்த வாரம் அதுதான். அதே நாளில் நான் பின்பக்கத்தில் ஒரு பஸ் டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டுப்பாதையில் இறங்கினேன் என்று, முப்பது பேருக்கு முன்னால், நன்றி சொல்லும் குரலில், கண் கலங்க அவன் சொல்லப்போகிறான். அது என்னை என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியவில்லை. அப்படித்தான் நான் நினைத்தேன். அவன் எனக்கு எப்போதும் கொஞ்சம் மந்தமானவனாகவே பட்டிருக்கிறான்.

பிறகு அவன் வழக்கமான கேள்வியைக் கேட்டான். மூன்றாவது மலையிலிருந்து கல்குடிலுக்கு முழங்கால் நோகாமல் இறங்க வழி இருக்கிறதா என்று. சரியான வழி கிழக்குச் சரிவைச் சுற்றிப் போகிறது. நீளம், கல் அதிகம், ஆபத்து இல்லை.

"ஓடையப் புடிச்சிட்டு எறங்கு" என்றேன். "பூராவும் புல்லு. தண்ணி நேரா ஏரிக்குத்தான் போகுது."

இதில் பொய் எதுவும் இல்லை, இன்ஸ்பெக்டர். தண்ணீர் ஏரிக்குத்தான் போகிறது. பாதி வழியில் தேவாலயக் கோபுரத்தைவிட உயரமான ஒரு பாறையிலிருந்து விழுந்து போகிறது. மேலிருந்து வருபவருக்கு அந்த விளிம்பு கடைசி அடிவரை தெரியாது. அங்கே புல் எப்போதும் ஈரம். தண்ணீருக்கு இதனால் எந்தக் கஷ்டமும் இல்லை. டூகல் எனக்கு நன்றி சொல்லி ஒரு விஸ்கி வாங்கிக் கொடுத்தான். குடித்தேன். நல்ல விஸ்கி.

சனிக்கிழமை மற்றவர்களுக்கு வெகு முன்பே ஸ்கூர் கோராவுக்குப் போய்விட்டேன். இதுவும் என் பழக்கம்தான். அடுத்தவர்களின் கடைசி மலை விழாவுக்கெல்லாம் நான் பின்பக்கமாக முன்கூட்டியே ஏறி, கடைசிப் பல்லுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வேன். கூட்டம் கூடியதும் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பாறைக்குப் பின்னாலிருந்து வெளியே வருவேன். கயிற்றை வழியில் ஓடையில் நனைத்து வைத்திருப்பேன். காய்ந்த கயிறு நம்பும்படி இருக்காது. முப்பது வருடமாக ஒரு பாறையின் பின்னால் ஒளிந்திருந்து பிழைத்தவன் என்று நீங்கள் சிரிக்கலாம். நானே பல தடவை சிரித்திருக்கிறேன், அங்கே வேறு துணை கிடையாது.

அன்று அங்கே உட்கார்ந்திருந்தபோது கீழே பள்ளத்திலிருந்து விசில் கேட்டது. ஆறு தடவை. ஒரு நிமிடம் அமைதி. மறுபடி ஆறு. மலையில் உதவி கேட்கிற முறை அது. அது காதில் விழுந்தவர் மூன்று தடவை ஊதிப் பதில் சொல்ல வேண்டும். வந்துகொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். எங்கள் குழுவில் புதிதாகச் சேருபவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். என் விசில் பைவாரில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து வாயில் வைத்தேன். சில்லென்று இருந்தது. அப்போது ஊதியிருந்தால், இவ்வளவு சீக்கிரம் அங்கே எப்படி வந்தேன் என்று பின்னால் யாராவது கேட்டிருப்பார்கள். திரும்பத் தொங்கவிட்டேன்.

கூட்டம் வந்தது. நான் பாறையைச் சுற்றி வெளியே வந்தேன். கைதட்டினார்கள். செங்கா பஸ் வடிவத்தில் கேக் செய்து, அதை மடியில் வைத்து மேகத்திலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தாள். சிவப்புச் சர்க்கரை, கறுப்பு மிட்டாயில் சக்கரம், ஓட்டுநர் இருக்கையில் ஒரு சின்னப் பொம்மை. காற்று திரும்பியபோது அவள் தலையைத் தூக்கினாள்.

"விசில் மாதிரி ஏதோ கேக்குதே."

"உப்புக்கொத்தி" என்றேன். "மலைப் பறவை. ஒரே சுருதியில கத்தும்."

"பாவம். துணையத் தேடுது போல."

"இருக்கும்" என்றேன்.

கேட்டுக்கொண்டே இருந்தோம். அந்தப் பறவை அன்று வெகுநேரம் கத்தியது. இடைவெளி மட்டும் நீண்டுகொண்டே போனது.

டூகல் வராததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவனைக் கிழக்குச் சரிவில் இறங்கச் சொன்னேன் என்றேன். தேடுகிறவர்களைக் கிழக்கே அனுப்பினேன். மாலையில் தனியாக ஓடைப் பக்கம் போய் நானே கண்டுபிடித்தேன். விசில் அவன் வாயில், பல்லுக்கு இடையில் இருந்தது. பகல் முழுக்க உயிர் இருந்திருக்கும் என்றார் மருத்துவர். அவனைத் தேடி எடுத்துக் கொடுத்ததற்காக மதுக்கூடத்தில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். விபத்து என்று எழுதி, உங்கள் ஆட்களும் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் எதையும் சந்தேகிக்கவில்லை. இன்றும் சந்தேகிக்கவில்லை, நானாக வராவிட்டால் நீங்கள் என்னைத் தேடி வந்திருக்கமாட்டீர்கள்.

வருகிற சனிக்கிழமை டூகலின் சாம்பலை ஸ்கூர் கோரா உச்சியில் தூவுகிறார்கள். பற்கள் வழியாகப் போவது, டார்க் கயிறு பிடித்து முன்னால் போவது என்று ஊர் முடிவு செய்தது. மரியாதையாம். நான் சரி என்றேன். வேறு என்ன சொல்வது? முதல் பல்லின் அடியில் எல்லோருக்கும் முன்னால் நின்று அதைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று செங்கா வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"பயப்படாதீங்க. என் முழங்கால் தாங்காதுன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். பின்பக்கமாவே போயிடலாம்."

எனக்கு என்ன பயம் என்று கேட்டேன்.

"டூகல் எங்கிட்ட எப்பவோ சொல்லிட்டாரு. கல்யாணமான புதுசுல. கூரை பறந்த வாரம் நீங்க எந்தப் பக்கமா வந்தீங்கன்னு. யார்ட்டயும் வாயத் தொறக்காதே, அந்த மனுஷனுக்கு இருக்கிறது அது ஒண்ணுதான்னாரு. உச்சியில பேசறப்பவும் நாளு, கிழமை, எந்தப் பக்கம்னு ஒண்ணும் சொல்ல மாட்டேன், நன்றி மட்டும் சொல்லிட்டு உக்காந்துருவேன்னு எங்கிட்டப் பேசிக் காட்டினாரு. நானும் முப்பது வருஷமா சொன்னதில்ல. இனியும் சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டு என் புறங்கையில் தட்டிக்கொடுத்தாள். கணவனை இழந்தவள், எனக்கு ஆறுதல் சொன்னாள்.

ஆக, அந்த மந்தமானவன் முப்பது வருடம் தெரிந்தே தலைவரே, தலைவரே என்று கூப்பிட்டிருக்கிறான். என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் கேலிக்குச் சிரித்துக் கொடுத்திருக்கிறான். நேற்றிரவு நான் தூங்கவில்லை. டூகலை நினைத்து என்று எழுதினால் நன்றாக இருக்கும், எழுதுங்கள். மனசாட்சி உறுத்தியதால் வந்தேன் என்றும் எழுதலாம். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் என் கண்ணை மூடினால் தெரிவது அந்த ஓடை இல்லை. வாசலில் நின்ற செங்காவின் முகம். சனிக்கிழமை அந்த முகத்தோடுதான் அவள் என் பக்கத்தில் புல்வழியில் ஏறி வருவாள். நான் செய்ததைத் தெரிந்துகொண்டால் என்னை வெறுப்பாள். வெறுக்கட்டும். வெறுப்பதற்காவது என்னை நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

ஓடையைச் சொன்னது நான். விசிலைக் கேட்டது நான். கிழக்கே அனுப்பியதும் நான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். காரணம் வேறு ஏதாவது போட்டுக்கொள்ளலாம். குடித்துவிட்டுச் சண்டை, பழைய பகை, எது உங்களுக்கு வசதியோ அது. செங்கா சொல்லமாட்டாள், நீங்களும் சொல்லாவிட்டால் போதும். டூகலைக் கொன்றவன் என்று எழுதிக் கொண்டுவாருங்கள், இப்போதே கையெழுத்துப் போடுகிறேன். பின்பக்கமாக ஏறியவன் என்று ஒரு வரி இருந்தால் போடமாட்டேன்.